நீந்தி வந்தவளின் வணக்கம்

மருதங்காட்டின் நடுவில் ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரியின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. நாணலும் கோரையும் மண்டிய அந்தத் திட்டில் நாமக்கோழிகளும் பாம்புத்தாராக்களும் நீர்நாய்களும் குடியிருந்தன.

நாமக்கோழிக்கு உடம்பெல்லாம் கரிக் கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். நாணலுக்கு இடையே, தண்ணீரை ஒட்டினாற்போல் கூடு கட்டும். பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் தகரத்தைத் தட்டியது போல் குரல் எகிறும்.

அந்தக் குரலால்தான் காடு பிழைத்துக்கொண்டிருந்தது. திட்டில் இருப்பவர்களுக்கு நாற்புறக் கரையும் தெரியும். சிறுத்தை புதரில் பதுங்கினால் முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். உடனே நாமக்கோழிகள் கத்தும். தண்ணீர் குடிக்க வந்த மானும் பன்றியும் முயலும் விழுந்தடித்து ஓடித் தப்பிக்கும். இது தினமும் நடந்தது. தினமும் நடந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தக் காட்டுக்கு ஒரு சபை உண்டு. ஏரிக்கரையில்தான் அது கூடும். யானைப் பெரியம்மா தலைவி. சபையில் ஒரு பக்கம் மருதமரம், மறுபக்கம் புங்கமரம். ஒரு யோசனைக்கு 'ஆம்' என்பவர்கள் மருதமர நிழலில் போய் நிற்க வேண்டும். 'இல்லை' என்பவர்கள் புங்கமர நிழலில் நிற்க வேண்டும். எந்த நிழலில் அதிகம் பேரோ அந்தப் பக்கம் ஜெயித்தது. மருதமர நிழல் பெரியது, குளிர்ச்சியானது. அதனால் பெரும்பாலும் 'ஆம்' தான் ஜெயித்தது. இதைப் பற்றியும் யாரும் யோசித்ததில்லை.

இரண்டு மரங்களுக்கும் நடுவே, தண்ணீரை ஒட்டி, ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் நிழலே விழாது. திட்டிலிருந்து வரும் பிரதிநிதிக்கு அதுதான் இடம்.

"நடந்து வருபவர்க்கு நிழல், நீந்தி வருபவர்க்குப் பேச்சு!" இதுதான் சபையின் பழைய விதி. திட்டின் பிரதிநிதி பேசலாம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எந்த நிழலிலும் கால் வைக்கக் கூடாது.

பேசுவதும் அப்படி ஒன்றும் சுலபமில்லை. பேச்சைத் தொடங்கும் முன் சபையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வணக்கமும் நன்றியும் சொல்ல வேண்டும். ஒருவரைக்கூட விடக் கூடாது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாறை தோசைக்கல்லாகச் சூடேறிவிடும். தாங்க முடியாமல் தண்ணீரில் கால் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பல காலமாகத் திட்டின் பிரதிநிதியாக இருந்தவர் வழுக்கன் என்ற நீர்நாய். அவர் ஒவ்வொரு முறையும் வணக்கத்தைச் சொல்லுவார். "ஆகவே மகா ஜனங்களே..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் அடிவயிறு சுட்டுவிடும். தொபுக்கென்று ஏரிக்குள் குதிப்பார். சபை சிரிக்கும். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

"சபை எப்படி நடந்தது?" என்று திட்டில் கேட்பார்கள்.

"மரியாதையாக நடத்தினார்கள்" என்பார் வழுக்கன், வயிற்றைத் தடவிக்கொண்டே.

ஒருநாள் அவரே சொல்லிவிட்டார். "என்னால் இனி முடியாது. என் வயிறு தாங்காது. வேறு யாரையாவது அனுப்புங்கள்."

யாரும் முன்வரவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து குமிழி என்ற இளம் நாமக்கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தெளிவாகப் பேசுவாள். தெரியாததைத் தெரியாது என்பாள். நாமக்கோழிக் குலத்திலிருந்து இதுவரை ஒருவரும் சபைக்குப் போனதில்லை. அவள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குமிழிக்குத்தான் பயம்.

"நான் ஏதாவது உளறிவிட்டால்?" என்று கேட்டாள்.

"வழுக்கன் மாமா இத்தனை காலம் போய் உளறக்கூட இல்லையே!" என்றாள் அம்மா. "நீ உளறினாலும் அது முன்னேற்றம்தான்."

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. கரைக்கு அப்பால் பள்ளத்தில் இருந்த புல்வெளி காய்ந்து பழுப்பாகிவிட்டது. மான்கள் சருகைத் தின்றன. அப்போதுதான் நரி ஒரு யோசனையோடு கிளம்பினான்.

நரி நேராகக் கரைக்கு வந்து திட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"தங்கச்சி குமிழி! உனக்கு ஒரு நல்ல செய்தி! நீ எத்தனை நாளைக்கு வெயிலில் நிற்பாய்? உங்களுக்கு நிழல் வாங்கித் தரப் போகிறேன்!"

திட்டே திரும்பிப் பார்த்தது.

"எப்படி அண்ணே?" என்று கேட்டாள் குமிழி.

"விதி என்ன சொல்கிறது? நடந்து வருபவர்க்கு நிழல். நீங்கள் ஏன் நடந்து வருவதில்லை? நடுவில் இந்தப் பாழாய்ப்போன தண்ணீர் இருப்பதால்தானே! நாளைக்குச் சபையில் யோசனை வைக்கிறேன். காட்டுப்பன்றிகள் தாழ்ந்த கரையைத் தோண்டிவிடும். ஏரித் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். மான்களுக்குப் புல் கிடைக்கும். உங்கள் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்களும் ஜம்மென்று நடந்து வரலாம். எங்களைப் போல நிழலில் நிற்கலாம்! இதை உன் வாயாலேயே சபையில் ஆதரித்துப் பேசு. வரலாற்றில் உன் பெயர் நிற்கும்!"

சொல்லிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போனான்.

திட்டில் ஒரே சலசலப்பு. இளம் பாம்புத்தாரா ஒருவன், நெடுங்கழுத்தன் என்று பெயர், நாணல் தண்டின்மேல் குதித்து ஏறினான்.

"இதைவிட என்ன வேண்டும்? காவல் காப்பது நாம். கத்துவது நாம். முடிவு எடுப்பது மட்டும் அவர்கள்! ஒருமுறை நிழலில் நின்றுவிட்டால் அப்புறம் யாரும் நம்மைக் கேலி செய்ய முடியாது. ஒத்துக்கொள் குமிழி!"

குமிழிக்கும் ஆசைதான். அதை அவள் மறைக்கவில்லை. சின்ன வயதில் கரையோரம் நீந்தும்போது மருதமர நிழலைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். அந்தக் குளிர்ச்சியில் ஒருமுறை கால் வைக்க மாட்டோமா என்று நினைத்திருக்கிறாள். இப்போது அதுவே தேடி வந்திருக்கிறது.

ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். எதையும் திரும்பவும் ஒருமுறை யோசித்துப் பார்ப்பாள். நாணலுக்குள் போய்த் தன் தங்கையின் கூட்டருகே நின்றாள். கூட்டில் முட்டைகள் இருந்தன. ஒன்று விரிசல் விட்டு, உள்ளிருந்து சன்னமாகக் கீச்சுச் சத்தம் வந்தது.

அவள் திரும்பி வந்தாள்.

"நெடுங்கழுத்தா, தண்ணீர் வற்றினால் நாம் நடந்து அங்கே போகலாம். சரிதான். அவர்கள் நடந்து இங்கே வர முடியாதா?"

நெடுங்கழுத்தன் தண்டிலிருந்து கீழே இறங்கினான்.

"முதலில் வரப்போவது யார் என்றும் எனக்குத் தெரியும்" என்றாள் குமிழி. "யோசனை சொன்னவர்தான். முட்டையைத் தின்றுவிட்டு, காலிக் கூட்டுக்கு நிழல் தருவார். அந்த நிழலில் நின்று நாம் யாருக்காக ஓட்டுப் போடுவது?"

வழுக்கன் மெல்லக் கனைத்தார்.

"எல்லாம் சரி குமிழி. ஆனால் நாம் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் நிற்குமா? நமக்குத்தான் ஓட்டு இல்லையே! எல்லோரும் மருதமரத்தடிக்குப் போய்விட்டால் ஏரி போய்விடும். நான் சொல்வதைக் கேள். மரியாதையாக வணக்கம் சொல். 'பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்டுக்கொண்டு குதித்துவிடு. நம்மால் ஆனது அவ்வளவுதான்."

குமிழி அன்று முழுவதும் நாணலுக்குள் தனியாக நின்று வணக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் விதி. எதற்காக நன்றி என்று விதி சொல்லவில்லை.

மறுநாள் சபை கூடியது. வெயில் சுள்ளென்று அடித்தது. நரி யோசனையை வைத்தான். மான்களின் பசியைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். திட்டு மக்களுக்கு நிழல் கிடைக்கப் போவதைச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

"ஆகா! எவ்வளவு நல்ல மனசு!" என்றது முயல்.

"தோண்டுவதற்கு நாங்கள் தயார்!" என்று உறுமியது காட்டுப்பன்றி. சேற்றுக்குள் கிழங்கு இருக்கும் என்று அதற்கு ஒரு நம்பிக்கை.

புள்ளிமானின் குட்டி அவள் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விலா எலும்பு தெரிந்தது. அவள் முதல் ஆளாக மருதமர நிழலுக்குப் போனாள். பின்னாலேயே முயலும் பன்றியும் மயிலும் போயின. காட்டெருமை யோசனையைச் சரியாகக் கேட்கவே இல்லை. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். புங்கமரத்தடியில் முள்ளம்பன்றியும் மந்தியும் மரநாயும் மட்டும் நின்றன.

"எண்ணிவிடலாமா?" என்று கேட்டாள் யானைப் பெரியம்மா.

"பெரியம்மா, நான் பேச வேண்டும்" என்றது ஒரு குரல் பாறையிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். குமிழி பாறைமேல் ஏறி நின்றாள். பாறை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்றாள்.

"பேசட்டுமே!" என்றான் நரி உற்சாகமாக. "ஆனால் விதி விதிதான்! முதலில் வணக்கம். ஒருவரைக்கூட விடக் கூடாது. சுருக்கவும் கூடாது. நடுவில் யாரும் குறுக்கே பேசவும் கூடாது. சபைக்கு ஒரு மரியாதை வேண்டுமல்லவா, பெரியம்மா?"

"சரி" என்றாள் பெரியம்மா. "வணக்கம் முடியும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது."

நரி முயலைப் பார்த்துக் கண்ணடித்தான். "பார், எப்போது குதிக்கிறாள் என்று!"

குமிழிக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது போல் இருந்தது. பிறகு பெரியம்மாவுக்கு முதல் வணக்கமும் நன்றியும் சொல்லிவிட்டு, மருதமரத்தடியில் நின்ற பெரிய உருவத்தின் பக்கம் திரும்பினாள்.

"காட்டெருமை அண்ணே, வணக்கம். போன மாசியில் உங்கள் கன்று தண்ணீர் குடிக்கக் குனிந்தது. பின்னால் சிறுத்தை. திட்டிலிருந்து நாங்கள் கத்தினோம். 'கத்துகிறவர்களுக்குச் சபையில் நிழல் உண்டா?' என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் நீங்கள் உடனே கன்றைத் தள்ளிக்கொண்டு ஓடினீர்களே, எங்கள் குரலை நம்பியதற்கு நன்றி!"

காட்டெருமை அசை போடுவதை நிறுத்தியது.

"முயல் தம்பி, வணக்கம். ஐப்பசி வெள்ளத்தில் உன் வளை மூழ்கியது. எங்கள் வழுக்கன் மாமா உன்னை முதுகில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுவந்தார். மழை விடும்வரை எங்கள் கோரையைத் தின்றாய். போகும்போது 'ருசியே இல்லை' என்று உண்மையைச் சொன்னாய். அந்த நேர்மைக்கு நன்றி!"

மந்தி பகபகவென்று சிரித்தது. முயலின் காது இரண்டும் தொங்கிப்போயின.

"இது என்ன வணக்கம்!" என்று துள்ளினான் நரி. "பெரியம்மா, இவள் வேறு ஏதோ..."

"வணக்கத்தின் நடுவில் குறுக்கே பேசக் கூடாது" என்றாள் பெரியம்மா. "கேட்டது நீதான்."

குமிழியின் விரல்களின் ஓரம் பொசுங்க ஆரம்பித்தது. தண்ணீர் ஒரு எட்டில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. காட்டுப்பன்றிக்கு வணக்கம் சொன்னாள். மயிலுக்குச் சொன்னாள். முள்ளம்பன்றி, மந்தி, மரநாய் யாரையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நன்றி. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, ஒன்றுகூட மிகையில்லை. கேட்கக் கேட்கச் சபையில் சிரிப்பு அடங்கியது.

"நரியண்ணே, உங்களுக்கும் வணக்கம்" என்றாள்.

நரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"காட்டுத்தீ வந்த வருஷம், நீங்களும்தான் ஏரிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றீர்கள். எங்கள் கூடுகள் உங்கள் மூக்குக்கு எதிரே. ஒரு முட்டையைக்கூட நீங்கள் தொடவில்லை. 'தீயைப் பார்த்த பயத்தில் அவனுக்கு வாய் திறக்கவில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். நான் நன்றி என்றே சொல்கிறேன். அன்றைக்கு இந்த ஏரி இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த யோசனையைச் சொல்ல நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்!"

மருதமரத்தடியில் சிலர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தீயை யாரும் மறக்கவில்லை. எல்லோருமே அன்று அதே தண்ணீரில்தான் நின்றிருந்தார்கள்.

கடைசியாகப் புள்ளிமான்.

குமிழி தயங்கினாள். சொல்ல வேண்டியது இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், பாரத்தை எடுத்து ஒரு தாயின் தலையில் வைப்பது போல் ஆகுமோ என்று பயந்தாள். சொல்லாமல் விட்டால் அதுவும் உண்மை ஆகாது. மெதுவாகச் சொன்னாள்.

"மானக்கா, வணக்கம். இந்தப் பங்குனியில் உங்கள் குட்டி கரைக்கு வந்தது. புதரில் சிறுத்தை. என் அத்தை நாணலை விட்டு வெளியே நீந்தி வந்து கத்தினாள். மறைவில் இருந்து கத்தினால் குட்டிக்குக் கேட்காது என்று வெளியே வந்தாள். மேலே பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. உங்கள் குட்டி பிழைத்தது. அத்தை திரும்பி வரவில்லை. குட்டி நன்றாக இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு நன்றி."

மான் ஒரு அடி முன்னே வந்தாள்.

"எனக்கு... எனக்குத் தெரியாதே, தங்கச்சி."

"யாரும் கேட்கவில்லை, அக்கா. நாங்களும் வந்து சொல்லவில்லை. எங்கள் பேச்சுதான் எப்போதும் வணக்கத்தோடு முடிந்துவிடுமே!"

மான் தன் குட்டியைப் பார்த்தாள். குட்டி காய்ந்த சருகு ஒன்றை மென்றுகொண்டிருந்தது.

"நீ சொல்வதெல்லாம் உண்மை" என்றாள் மான். "ஆனால் என் குட்டிக்குப் பசிக்கிறதே, அம்மா! உன் பேச்சு இதன் வயிற்றை நிரப்புமா?"

"அப்படிக் கேளு!" என்றான் நரி.

"நிரப்பாது அக்கா" என்றாள் குமிழி. "ஆனால் திட்டைச் சுற்றி வள்ளைக்கீரை மண்டிக் கிடக்கிறது. உங்கள் குட்டிகள் அவ்வளவு தூரம் நீந்தி வந்து மேய முடியாது. நாங்கள் பறிக்க முடியும். நீர்நாய்கள் இழுத்துக் கரை சேர்ப்பார்கள். ஏரி இருக்கும்வரை உங்கள் குட்டிகளுக்குப் பச்சை இருக்கும். மழை வரும்வரை கொண்டுவந்து போடுகிறோம்."

"ஓகோ!" என்று எழுந்தான் நரி. "கேட்டீர்களா? கீரையைக் காட்டி ஓட்டு வாங்குகிறாள்! வெட்கம்! வெட்கம்!"

குமிழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கால் எரிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மானக்கா எந்த நிழலில் நின்றாலும் நாளைக் காலையில் கீரை வரும். மருதமரத்தடியில் நின்றாலும் வரும். தாழ்ந்த கரையைத் தோண்டுகிற நாளில்கூட, கடைசிச் சொட்டுத் தண்ணீர் இருக்கும்வரை வரும். எங்கள் குரல் இத்தனை நாள் யாருடைய ஓட்டைக் கேட்டுவிட்டு வந்தது, கீரை மட்டும் கேட்டுவிட்டு வர?"

பிறகு பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நரியண்ணன் எங்களுக்கு நிழல் தருகிறேன் என்றார். நிழல் மேல் எங்களுக்கு ஆசை உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏரியைக் கொடுத்து நிழல் வாங்க மாட்டோம். நாங்கள் நீந்தி வருகிறவர்கள். நீந்தியேதான் வருவோம். என் பேச்சு முடிந்தது. எண்ணுங்கள்."

அவள் தண்ணீரில் குதிக்கவில்லை. பாறையிலேயே நின்றாள்.

குமிழிக்குத் தங்கையின் கூடும், விரிசல் விட்ட அந்த முட்டையும் கண்முன் வந்தன. இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. மற்றவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் நகர்ந்தது காட்டெருமை.

"நான் இத்தனை நாளாக ஏன் இந்த மரத்தடியில் நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை" என்று முனகியபடி, வெயிலைக் கடந்து, புங்கமரத்தடிக்குப் போய் நின்றது. அங்கே இடம் போதவில்லை. அதன் பின்பாதி வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது.

"முன்னங்கால் நிழலில் இருக்கிறது. செல்லும்!" என்றாள் பெரியம்மா.

முயல் இரண்டு பக்கமும் பார்த்தது. நரி பல்லைக் காட்டினான். முயல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிக் காட்டெருமையின் காலடியில் புகுந்துகொண்டது.

"கோரையில் லேசாக ருசி இருந்தது" என்றது, யாரும் கேட்காமலே.

பன்றி நகரவில்லை. மயிலும் நகரவில்லை. மான் மட்டும் மருத நிழலின் விளிம்பில் நின்றாள். குட்டி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"வா" என்றாள் மான் அதனிடம். "உனக்கு ஒரு அத்தை இருந்தாளாம். அவள் பக்கம் போய் நிற்கலாம்."

மான் வெயிலில் இறங்கி நடந்தாள். நேரே புங்கமரத்துக்குப் போகவில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு, குமிழியின் அருகில் வந்து ஒரு கணம் நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். பிறகுதான் போய் நிழலில் நின்றாள்.

பெரியம்மா எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"யோசனை தோற்றது. கரையை யாரும் தொடக் கூடாது!"

நரிக்கு வயிறு எரிந்தது. போகிற போக்கில் பாறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "ஜெயித்துவிட்டதாகக் குதிக்காதே! எல்லோரும் நிழலில் நிற்கிறார்கள். நீ இன்னும் வெயிலில்தானே நிற்கிறாய்!"

அதைக் கேட்டுச் சபைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. யானைப் பெரியம்மா எழுந்தாள். மெதுவாக நடந்து வந்து, பாறைக்கு மேற்கே, சூரியனை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெரிய நிழல் பாறை முழுவதும் படர்ந்தது. குமிழியின் கால்களுக்குக் குளிர்ச்சி பட்டது. பிறந்ததிலிருந்து அவள் ஏங்கிய குளிர்ச்சி.

"இதில் நில், கண்ணு" என்றாள் பெரியம்மா. "நான் இருக்கும்வரை உனக்கு நான் நிழல்."

குமிழிக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் பாறையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வெயிலில் போய் நின்றாள்.

"மன்னிக்க வேண்டும் பெரியம்மா. உங்கள் அன்பு பெரியது. ஆனால் நீங்கள் இல்லாத நாளில் எனக்குப் பின்னால் வருகிறவள் என்ன செய்வாள்? யாரோ இரக்கப்பட்டுத் தரும் நிழல் எங்களுக்கு வேண்டாம். விதியில் எழுதி வரும் நிழல் வேண்டும். அதுவரை வெயிலில் நின்றே கேட்போம். எனக்குப் பேசத் தெரியும் என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது!"

பெரியம்மா தும்பிக்கையை உயர்த்தினாள்.

"கேளுங்கள் எல்லோரும்! அடுத்த சபையில் முதல் விஷயம் இதுதான். நீந்தி வருபவர்க்கும் நிழல் உண்டா, இல்லையா? யார் இந்த யோசனையை வைக்கிறீர்கள்?"

"நான்" என்றாள் மான்.

"நானும்" என்றது காட்டெருமை.

அதன் பிறகுதான் குமிழி தண்ணீரில் இறங்கினாள். பொசுங்கிய விரல்களில் ஏரி பட்டதும் சுகமாக இருந்தது. கழுத்தை நிமிர்த்தி, நெற்றி நாமம் வெயிலில் பளிச்சிட, யாரும் துரத்தாதவள் போல நிதானமாக நீந்தினாள்.

திட்டில் எல்லோரும் நாணல் விளிம்புக்கு வந்து காத்திருந்தார்கள். நெடுங்கழுத்தனால் பொறுக்க முடியவில்லை.

"குமிழி! நிழல் கிடைத்ததா?"

"இல்லை" என்றாள் குமிழி. "ஏரி இருக்கிறது. நிழலைக் கேட்டிருக்கிறோம்."

வழுக்கன் அவள் கால்களைப் பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வள்ளைக்கீரைக் கொடிகளைப் பிடுங்கிச் சேர்க்கக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் திட்டே அவர் பின்னால் போனது. மறுநாள் விடியும்போது கரையோரம் பச்சைக் கீரை குவிந்து கிடந்தது. மான்குட்டிகள் வாய் நிறைய மென்றன. அவை மென்று முடிக்கும்வரை, நாற்புறமும் பார்த்துக்கொண்டு, நாமக்கோழிகள் காவலுக்கு நின்றன.

வாக்குரிமை தருகிறேன் என்று சொல்லி வாழும் இடத்தையே விலையாகக் கேட்பவனை நம்பாமல், கையில் இருக்கும் பேச்சுரிமையை நேர்மையோடு நிமிர்ந்து நின்று பயன்படுத்துகிறவர், இருப்பதையும் காப்பார், இல்லாததையும் தலைகுனியாமல் கேட்டுப் பெறுவார்.